இந்தியாவில் மின்கட்டண நிர்ணய வழக்குகள்

மின்வாரியமோ தனியார் மின் நிறுவனமோ ஒரு யூனிட்டுக்கு என்ன விலை வாங்கலாம், அந்த விலையை யார், எந்த முறையில் முடிவு செய்யலாம் என்பது பற்றி நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் நடந்தவை மின்கட்டண நிர்ணய வழக்குகள். இந்தியாவில் இவற்றின் வரலாறு பெரும்பாலும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது. கட்டணம் விதிப்பது சட்டம் இயற்றுவதைப் போன்ற செயலா, வழக்கைத் தீர்ப்பதைப் போன்ற செயலா? முன்னது என்றால் பணம் கட்டுபவரை அழைத்துக் கேட்க வேண்டிய கடமை இல்லை. பின்னது என்றால் கேட்காமல் விதிக்க முடியாது.

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், நகரங்களுக்கு மின்சாரம் வழங்கத் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் அளிக்க வழி செய்தது. 1948ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டம் மாநில மின்வாரியங்களுக்கு அடித்தளம் இட்டதோடு, உரிமதாரரின் லாபத்துக்கும் தன் ஆறாம் அட்டவணையில் வரம்பு கட்டியது. போட்ட முதலுக்கு நியாயமான வருவாய் கிடைக்கலாம். அதற்கு மேல் வந்த லாபத்தில் ஒரு பங்கு நுகர்வோருக்குத் திரும்ப வேண்டும். இந்த வரம்புக்குள் நின்றால் உரிமதாரர் தாமாகவே கட்டணத்தை உயர்த்தலாம் என்று 1960களில் அமால்கமேட்டட் எலெக்ட்ரிசிட்டி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

மின் விநியோகத்தின் பெரும்பகுதி மின்வாரியங்களின் கைக்கு வந்தபின் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்தது. வாரியங்கள் நட்டத்தில் ஓடக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொன்னது. மாநில அரசு குறிப்பிடும் அளவுக்கு உபரியும் இருக்க வேண்டும் என்று 1978இல் திருத்தப்பட்டது. கேரள அரசு அப்படி எந்த அளவையும் குறிப்பிடவில்லை. ஆனாலும் கேரள மின்வாரியம் 1980களின் முற்பாதியில் கட்டணத்தை அடுத்தடுத்து உயர்த்தியது. அளவு குறிப்பிடப்படாத நிலையில் உபரி ஈட்ட வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் உயர்வை ரத்து செய்தது. கோவிந்த பிரபு சகோதரர்கள் வழக்கு என்று அறியப்படும் இதில், 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. பொதுச்சேவை நிறுவனம் லாப வேட்டைக்காரனாக இருக்கக்கூடாதுதான். அதற்காக வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கிற அளவில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை என்றார் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. அதே தீர்ப்பில் அவர் சொன்ன இன்னொன்றுதான் நெடுங்காலம் நின்றது. ஒரு சட்டம் வெளிப்படையாக வேறு விதமாகச் சொல்லாதவரை விலை நிர்ணயம் சட்டமியற்றும் தன்மை கொண்டது. தான்தோன்றித்தனமோ சட்ட மீறலோ இருந்தாலொழிய நீதிமன்றம் அதில் கை வைக்காது. அன்றைய நுகர்வோருக்கு இது ஏறக்குறைய அடைத்த கதவு.

இதற்கிடையே 59ஆம் பிரிவு மறுபடி திருத்தப்பட்டு, நிலைச் சொத்தின் மதிப்பில் குறைந்தது 3 விழுக்காடு உபரி வேண்டும் என்றானது. அது உச்சவரம்பு அல்ல, தாழ்ந்த வரம்பே என்று 1991இல் இந்துஸ்தான் ஜிங்க் வழக்கு தெளிவாக்கியது. ஆனால் ஏட்டில் இருந்த உபரி கணக்கில் வரவில்லை. விவசாய மின்சாரம் பல மாநிலங்களில் தட்டைக் கட்டணத்துக்கோ, தமிழ்நாட்டில் நடந்ததைப் போல இலவசத்துக்கோ போக, அந்தச் சுமை ஆலைகள் மேலும் கடைகள் மேலும் விழுந்தது. இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர்.

1996இல் ஒரிசாவிலும், 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பிற மாநிலங்களிலும் மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் தோன்றின. தமிழ்நாட்டு ஆணையம் 1999இல் அமைந்தது. புதிய ஏற்பாட்டின் முதல் பெரிய சோதனை கொல்கத்தாவில் நடந்தது. அந்நகருக்கு மின்சாரம் வழங்கும் சிஇஎஸ்சி நிறுவனத்துக்கு மேற்கு வங்க ஆணையம் விதித்த கட்டணத்தை எதிர்த்த மேல்முறையீட்டில், கல்கத்தா உயர் நீதிமன்றம் கணக்குகளைத் தானே பார்த்துக் கட்டணத்தையும் தானே நிர்ணயித்தது; நுகர்வோரைக் கேட்க வேண்டும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. ஆணையத்தின் முன் கேட்கப்படும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. லட்சக்கணக்கானோர் இருப்பதால் கேட்க இயலாது என்பது காரணமாகாது, யாரை எப்படிக் கேட்பது என்பதை விதிகளால் ஒழுங்குபடுத்தலாம். தொழில்நுட்பமும் கணக்கியலும் கலந்த இவ்விவகாரத்தில் மேல்முறையீட்டைக் கேட்க வல்லுநர் அமைப்பு தேவை என்றும் நீதிமன்றம் பரிந்துரைத்தது.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்த யோசனையை ஏற்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை உருவாக்கியது. கட்டண விண்ணப்பத்தை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, 120 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 64ஆம் பிரிவு விதித்தது. மானியம் கொடுக்க விரும்பும் அரசு பணத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்றது 65ஆம் பிரிவு. குறுக்கு மானியத்தைக் குறைத்து ஒழிக்க வேண்டும் என்றிருந்த வாசகத்திலிருந்து 'ஒழிக்க' என்பது 2007இல் நீக்கப்பட்டது. ஒரு சொல்லில் அரசியல் முழுவதும் தெரியும் திருத்தம் அது.

2010இல் பிடிசி இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு எல்லைகளை வகுத்தது. இந்தச் சட்டத்தின்படி கட்டண ஆணை மேல்முறையீட்டுக்கு உரியது, ஆகவே நீதித்தன்மை கொண்டது. ஆனால் ஆணையம் இயற்றும் ஒழுங்குமுறை விதிகள் சட்டத்தின் கிளை. அவற்றைத் தீர்ப்பாயத்தில் அல்ல, உயர் நீதிமன்றத்தில்தான் எதிர்க்க முடியும்.

நீதித்தன்மை கொண்ட பணி என்றால் ஆணையத்தின் நாற்காலியில் யார் அமர வேண்டும் என்ற கேள்வி தானாகவே எழுந்தது. தமிழ்நாட்டு மின் நிறுவனத்துக்கும் பிள்ளைப்பெருமாநல்லூர் மின்நிலையத்தை நடத்திய பிபிஎன் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2014இல் இது பேசப்பட்டது. தலைவர் நீதிபதியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் உறுப்பினர்களில் ஒருவராவது சட்டத்துறையைச் சேர்ந்தவராக இருந்தாக வேண்டும் என்று 2018இல் குஜராத் மாநில வழக்கில் முடிவானது. 2022இல் தமிழ்நாட்டில் சட்ட உறுப்பினர் இடம் காலியாக இருந்ததைக் காட்டி, கட்டண உயர்வுக்கு இறுதி ஆணை பிறப்பிக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் தடை விலகி, அவ்வாண்டு செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடப்புக்கு வந்தது.

மின்சாரம் விற்பதற்கான ஏலத்தில் குறைந்த விலை சொன்ன நிறுவனங்கள் பிறகு உயர்த்திக் கேட்டதும் தனி வழக்கு வகையானது. குஜராத்தின் முந்திராவில் 4,000 மெகாவாட் நிலையம் அமைத்த டாடா குழும நிறுவனம் யூனிட்டுக்குச் சராசரியாக ரூ. 2.26 கேட்டு ஏலம் வென்றிருந்தது. 2010இல் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதி விலையைச் சர்வதேசச் சந்தையோடு இணைக்க, அந்நிறுவனமும் அதானி பவரும் ஈடு கோரின. வெளிநாட்டுச் சட்டம் மாறியதும் நிலக்கரி விலை ஏறியதும் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும் காரணங்கள் ஆகா என்று 2017 ஏப்ரலில் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. உள்நாட்டு நிலக்கரி ஒதுக்கீடு குறைந்ததற்கு மட்டும் வழி திறந்து விட்டது.

விதிக்கப்பட்ட கட்டணத்தை விட, விதிக்காமல் விட்ட கட்டணம் பெரிய சிக்கலானது அண்மைக் காலத்தில்தான். தமிழ்நாட்டில் 2003க்குப் பிறகு 2010 வரை கட்டணம் மாற்றப்படவில்லை. நிறுவனம் விண்ணப்பிக்காவிட்டாலும் ஆணையங்கள் தாமாகவே கட்டண நிர்ணயத்தைத் தொடங்க வேண்டும் என்று 2011 நவம்பரில் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அப்படியும் பல ஆணையங்கள் செலவை ஒப்புக்கொண்டு, வசூலைத் தள்ளிப்போட்டன. அந்தப் பாக்கிக்கு 'ஒழுங்குமுறைச் சொத்து' என்று பெயர். நுகர்வோர் பக்கமிருந்து பார்த்தால் வட்டியோடு வளரும் கடன். டெல்லியின் மூன்று விநியோக நிறுவனங்களுக்கு மட்டும் இது 2024 மார்ச் இறுதியில் ரூ. 27,200 கோடியாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பாக்கிகளைக் காலவரம்பு வைத்துத் தீர்க்கும்படி ஆணையங்களுக்கு உத்தரவிட்டு, அதைக் கண்காணிக்கும் பொறுப்பை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்தது.