அப்பத்தாவின் கோழிப் பொடிக்கு வயசு என்ன?

பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்குன்னு நீங்க கேக்கலாம். எங்க வகுப்பு நண்பர்கள் தினமும் கேக்கறாங்க. இந்தத் தடவை காரணம் படிப்பு இல்லை, சாப்பாடு :-)

விஷயம் இதுதான். எங்க அப்பத்தாவுக்கு ராமநாதபுரம் பக்கம். திருவான்மியூருக்கு வந்து பல வருஷம் ஆச்சு, ஆனா கோழிக்குத் தடவுற பொடியை மட்டும் கடையில் வாங்க விடமாட்டாங்க. தானே வறுத்து, தெருக்கோடி மில்லில் அரைச்சு, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாங்க. போன வருஷம் அந்த மில்லை மூடிட்டாங்க. அப்பத்தாவுக்கும் இப்போ கை நடுங்குது. "அளவு சொல்லுங்க, எழுதிக்கறேன்"னு நோட்டோடு உட்கார்ந்தேன். "அளவு என்னய்யா அளவு, எல்லாம் கண்ணளவுதான். எங்க அப்பத்தா காலத்திலேர்ந்து, அவுகளுக்கு முன்னாடி காலத்திலேர்ந்து இப்படித்தான்" என்றார்கள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. உண்மையிலேயே இந்தப் பொடிக்கு எத்தனை வயசு?

முதலில் மிளகு. நம்ம மண்ணோடு மிகப் பழைய உறவு இதுக்கு உண்டு. சங்க இலக்கியத்தில் மிளகுக்குப் பெயரே 'கறி'. யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டு வந்து முசிறியில் மிளகை ஏற்றிப்போனதை அகநானூறு சொல்கிறது. இது வெறும் புலவர் கற்பனை இல்லை. எகிப்தில் செங்கடல் ஓரம் இருக்கும் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு கோயிலில் புதைத்திருந்த இந்திய ஜாடிக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. கி.பி. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், பொன் வெள்ளியோடு 3000 பவுண்டு மிளகும் கேட்டிருக்கிறான். எங்க பாடத்தில் 'நீர்மைச் சொத்து' என்று ஒன்று வரும், உடனே காசாக்கக்கூடியது. அன்றைக்கு மிளகு அப்படி இருந்திருக்கிறது.

கொத்தமல்லி விதையும் பழசுதான், ஆனா அதன் பூர்வீகம் மத்தியதரைக் கடல், மேற்கு ஆசியா பக்கம். எகிப்து மன்னன் தூதன்காமன் கல்லறையிலேயே கொத்தமல்லி விதை இருந்தது. சீரகமும் கிட்டத்தட்ட அதே திசையிலிருந்து வந்தது.

இப்போ மிளகாய். இங்கேதான் அப்பத்தாவின் கணக்கு இடிக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே போனது 1492. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தது 1510. இதற்குப் பிறகுதான் மிளகாய் நம்ம நாட்டுக்கே வருகிறது. ராஜராஜ சோழன் மிளகாயைக் கண்ணால் பார்த்ததில்லை! நம்ம ஆட்கள் அதற்கு வைத்த பெயரிலேயே விஷயம் இருக்கிறது. மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய். புதுசா வந்தவனை ஊரில் தெரிந்தவன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது மாதிரி.

மிளகாய் ஜெயித்ததுக்குக் காரணம் எளிது. மிளகுக் கொடிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையும் நிழலும் வேண்டும். மிளகாய் வறண்ட ராமநாதபுரத்துக் கரிசலிலேயே விளையும், சில மாதத்திலேயே பலன் தரும். காரம் சாமானியனுக்கும் எட்டியது. அந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. நானூறு, ஐந்நூறு வருஷத்தில் வெளியூர்க்காரன் உள்ளூர்க்காரனாகி, பட்டாவும் வாங்கிவிட்டான்.

இன்னொரு சாட்சி லண்டனில் இருக்கிறது. 1747-ல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதிய சமையல் புத்தகத்தில் 'இந்திய முறைப்படி கறி' என்று ஒரு குறிப்பு. கோழியை (அல்லது முயலை!) துண்டு போட்டு, வறுத்துப் பொடித்த கொத்தமல்லியும் முப்பது மிளகும் சேர்க்கச் சொல்கிறார். மிளகாய் கிடையாது. கிட்டத்தட்ட எங்க அப்பத்தா பொடிதான், சிவப்பு மட்டும் இல்லை.

அந்தச் சிவப்புக்கு நம்ம சென்னையிலும் ஒரு கதை உண்டு. மவுண்ட் ரோடு புஹாரி ஓட்டல் 1951-ல் தொடங்கியது. அங்கே 1965-ல் அறிமுகமானதால்தான் 'சிக்கன் 65' என்று பெயர் வந்தது என்கிறார்கள் அவர்கள். 65 மிளகாய், 65 நாள் கோழி, மெனுவில் 65-வது எண் என்று ஊரில் வேறு கதைகளும் உலவுகின்றன. எது எப்படியோ, 'கோழி என்றால் சிவப்பாக இருக்கணும்' என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது.

இந்த ஆசைக்கு ஒரு விலையும் உண்டு. 2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அவற்றில் சேர்ந்திருந்த ஒரு சாஸில் மிளகாய்த் தூள், அந்தத் தூளில் 'சூடான் 1' என்ற சாயம். மெழுகுக்கும் பாலிஷுக்கும் நிறமேற்றுகிற சாயம் அது, உணவில் சேர்க்கத் தடை. அந்தத் தூள் போனது இந்தியாவிலிருந்து. ஒரு காலத்தில் மிளகை அனுப்பிப் பொன் வாங்கிய நாடு, சாயம் போட்ட தூளை அனுப்பிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. வணிகவியலில் 'குட்வில்' என்று ஒரு பாடமே நடத்துகிறார்கள். அதை அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பாக்கெட் பொடி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு அது பெரிய உதவி. காஸ்ட் ஷீட் போட்டுப் பார்த்தேன், வீட்டுப் பொடியில் பெரிய லாபமும் இல்லை. கிடைக்கிற ஒரே லாபம், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியும். அது கணக்குப் புத்தகத்தில் ஏறாது.

சரி, கண்ணளவை எப்படிப் பிடித்தேன்? அப்பத்தா கையில் அள்ளிப் போடப் போட, நான் குறுக்கே ஸ்பூனை நீட்டி அளந்தேன். திட்டு வாங்கியது தனி. ஒரு கிலோ கோழிக்கு: கொத்தமல்லி விதை 4 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 10, மிளகு 2 டீஸ்பூன், சீரகம், சோம்பு தலா 1 டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், ஒரு பிடி கறிவேப்பிலை. எண்ணெய் விடாமல் சிறு தீயில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே வறுக்கணும். சேர்த்து வறுத்தால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். நன்றாக ஆறின பிறகே அரைக்கணும். நம்ம திருவான்மியூர் கடல் காத்துக்குப் பொடி சீக்கிரம் நமத்துப்போகும், அதனால் கொஞ்சமாக அரைத்து, காற்றுப் புகாமல் மூடி வைக்கணும்.

உப்பும் பொடியும் தடவி அரைமணி நேரமாவது ஊறணும். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை இழுக்கும், அந்த நீரில் உப்பு கரைந்து மெல்லத் திரும்ப உள்ளே போகும். மிளகாயின் காரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். கடைசியில் கடலெண்ணெயில் வறுக்கும்போதுதான் அது விரியும்.

மில் இல்லாததால் மிக்சியில் அரைத்தேன். கொஞ்சம் கொரகொரப்பு. நிறம் கடைச் சிவப்பு இல்லை, செங்கல் நிறம். அப்பத்தா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "மிளகு இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார்கள்.

பொடியில் இருக்கிற பழைய சரக்கைத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னேன். "உனக்குப் படிப்பு ஜாஸ்தியாப் போச்சு" என்று சிரித்தார்கள். நோட்டில் 2 டீஸ்பூனை அடித்து, இரண்டரை என்று திருத்திவிட்டேன்.

உங்க வீட்டுக் கண்ணளவையும் சீக்கிரம் எழுதி வைங்க நண்பர்களே. மில்லை மூடினால் மிக்சி இருக்கு. கண்ணளவுக்கு அப்படி எதுவும் இல்லை.