வான்யாத்திரைத் திட்டம்

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு தபால் இலாகா தன் விமானங்களின் சௌகரியத்தை உத்தேசித்து ஸ்தாபித்த வானொலி நிலையங்களே, பிற்காலத்தில் சொந்த விமானம் ஓட்டுவோர்க்கெல்லாம் துணையாய் விளங்கிய விமானச் சேவை நிலையங்களாகப் பரிணமித்தன. புறப்படுமுன் விமானி தொலைபேசியை எடுத்து, அடையாள எண், வேகம், உயரம், மார்க்கம், எரிபொருள் எத்தனை மணி நேரம் தாங்கும், ஏறியிருப்போர் எத்தனை பேர், விமானத்தின் நிறம் யாது என்று வரிசை பிறழாமல் ஒப்பிக்க, மறுமுனையிலிருப்பவர் அவற்றை வான்யாத்திரைத் திட்டமாகப் பதிந்துகொண்டு வழியிலுள்ள மேகமூட்டத்தையும் எடுத்துரைப்பார். கண்பார்வையை நம்பிப் பறப்பவர் தரையிறங்கியபின் திட்டத்தை முடித்துவைக்க மறந்தால், குறித்த நேரத்துக்குமேல் அரைமணி கழிந்ததும் விசாரணை ஆரம்பமாகும். காணாத விமானத்தைத் தேட நேரும்போதுதான் நிறத்தைக் கேட்டதன் பிரயோஜனம் விளங்கும்.

1990களில் டுவாட்ஸ் என்னும் கணினிச் சேவை மோடம் வழியே வீட்டுக்கே வந்தது. 2018இல் அது மறைய, இணையதளமும் கைபேசிச் செயலியும் அதன் ஸ்தானத்தை ஏற்றன. 2019 ஆகஸ்டில் திட்டத்துக்குச் சர்வதேசப் படிவம் கட்டாயமானபின், சாதனங்களைக் குறிக்கும் எழுத்துக்கோவையை வாயால் ஒப்பிப்பது பிரயாசையாயிற்று. செயலியோ ஒருமுறை பதிந்ததை மறப்பதில்லை. ஆயினும், இன்று கண்ணால் பார்த்துப் பறப்பது உசிதமன்று என்று அனுபவஸ்தர் ஒருவர் எச்சரிக்கும் வாய்ப்பு செயலியில் இல்லை; அதை மட்டும் நம்பினால், வானிலையின் தாத்பரியத்தை உணரும் பொறுப்பு முழுவதும் விமானியையே சார்ந்தது.