பேற்றறையில் இரு மதங்கள்

பிள்ளைப்பேற்றைப் பற்றிய யூதர்களின் மிகப் பழைய சட்டம் லேவியராகமத்தின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எட்டே வசனங்கள். ஆண் பிள்ளை பெற்றவளுக்கு ஏழு நாள் தீட்டு. எட்டாம் நாள் பிள்ளைக்கு விருத்தசேதனம். அதற்குப் பின்னும் 33 நாள் தாய் புனிதப் பொருள்களைத் தொடவோ ஆலயத்துக்குள் வரவோ கூடாது. பெண் பிள்ளையானால் இந்தக் கணக்கு அப்படியே இரட்டித்து 80 நாளாகிவிடும். நாள் முடிந்ததும் ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு புறாவையும் பலியாகக் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வழியில்லாதவள் இரண்டு புறாக்களோடு வரலாம். இயேசுவைப் பெற்ற மரியாள் எருசலேமுக்கு எடுத்துச் சென்றதாக லூக்கா எழுதுவது இந்த ஏழை வீட்டுக் காணிக்கையைத்தான். டிசம்பர் 25இலிருந்து நாற்பது நாள் எண்ணிக் கிறிஸ்தவர்கள் பிப்ரவரி 2இல் கொண்டாடும் திருநாளும் இதே அதிகாரத்திலிருந்து வந்தது.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் பலி நின்றுபோனது. பெற்றவளைப் பற்றிய பேச்சில் தீட்டு மறையவில்லை என்றாலும், அவளுடைய உடல்நலமும் இப்போது சட்டத்துக்குள் வந்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஓய்வுநாளானாலும் மருத்துவச்சியைத் தொலைவிலிருந்து அழைத்துவரலாம், பிரசவத்துக்கு வேண்டிய எதையும் செய்யலாம் என்கிறது. மிஷ்னாவை விரித்துப் பேசப் பின்வந்த தல்மூது இதை நாள்கணக்கில் வகுத்தது. முதல் மூன்று நாள் அவள் உயிராபத்தில் இருப்பவள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவளுக்காக ஓய்வுநாளை மீறலாம். ஏழாம் நாள் வரை அவள் சொல்லே தீர்ப்பு: தேவை என்றால் தேவை. முப்பதாம் நாள் வரை அவள் ஆபத்தில்லாத நோயாளி. ஓய்வுநாளில் யூதர் செய்யக்கூடாத வேலையை அவளுக்காக வேற்று மதத்தவரைக் கொண்டு செய்துகொள்ளலாம். பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்பதால் முப்பது நாளும் அவளருகே நெருப்பு மூட்டலாம், கோடைக்காலத்திலும் கூட. ஓய்வுநாளில் நெருப்பைத் தொடுவதே பெரிய மீறல் என்று கருதிய சமூகம் வகுத்த விதி இது. பக்கத்து வீட்டு வேற்று மதத்தவர் பேற்றறைக்குள் வந்துபோவதை இந்தச் சட்டம் இயல்பாகவே எடுத்துக்கொண்டதும் கவனிக்கத் தக்கது.

பிள்ளை யாரைச் சேர்ந்தது என்ற கேள்வியில் இந்தத் தெளிவு கிடையாது. விவிலியக் காலத்தில் தந்தை வழிதான் நடைமுறை. யோசேப்பு மணந்தவள் எகிப்தியப் பூசாரியின் மகள். மோசே மணந்தவள் மீதியானியப் பெண். அவர்களுடைய பிள்ளைகளை இஸ்ரவேலர் அல்லர் என்று யாரும் சொல்லவில்லை. யூதர்கள் பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய காலத்தில் வேதபாரகர் எஸ்றா, வேற்றினப் பெண்களை மணந்தவர்கள் மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் விலக்கிவிட வேண்டும் என்று கண்டிப்பாக நின்றார். ஆனால் தாய் வழி என்பது ஒரு பொது விதியாக உருப்பெற்றது மிஷ்னாவில்தான்: யூதரல்லாத பெண் பெற்ற பிள்ளை அவளைப் போன்றதே. யூதப் பெண்ணுக்கு வேற்று மதத்தவன் மூலம் பிறந்த பிள்ளையின் நிலை அப்போதும் தீரவில்லை. தல்மூதில் நீண்ட விவாதத்துக்குப் பிறகே அது முழு யூதப் பிள்ளை என்று நிலைபெற்றது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய விதி என்று இன்று பேசப்படுவது ஒரே நாளில் இறங்கிவந்ததல்ல.

இடைக்கால ஐரோப்பாவில் யூதரும் கிறிஸ்தவரும் மணந்துகொள்வதை இரண்டு தரப்புச் சட்டங்களும் தடுத்தன. ஆனாலும் யூத வீட்டுத் தொட்டிலுக்கு அருகே கிறிஸ்தவப் பெண் இருந்தாள், பால் கொடுக்கும் செவிலியாக. மிஷ்னா இதற்கு ஒரு நிபந்தனையோடு இடம் கொடுத்திருந்தது: பால் கொடுப்பது யூதத் தாயின் வீட்டிலேயே நடக்க வேண்டும். திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், யூதர் பிள்ளைகளை வளர்க்கவென்றாலும் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீட்டில் வேலைக்கு இருக்கக்கூடாது என்றது. 1205இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் பிரான்ஸின் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விசித்திரமான புகார் இருக்கிறது: ஈஸ்டரில் நற்கருணை வாங்கிய செவிலியரை, மூன்று நாள் தாய்ப்பாலைக் கழிப்பிடத்தில் பீய்ச்சிவிட்ட பிறகே யூதர்கள் பிள்ளைக்குக் கொடுக்கவிடுகிறார்களாம். புகார் உண்மையோ கட்டுக்கதையோ, பால் வழியாக மதம் பரவும் என்ற அச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அந்தக் கடிதம் சான்று. தடை மீண்டும் மீண்டும் போடப்பட்டதிலிருந்தே அதை யாரும் அதிகம் மதிக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

தென் ஜெர்மனியின் யூதக் கிராமங்களில் பேற்றறையின் சடங்குகள் செழித்து வளர்ந்தன. பெற்றவளின் கட்டிலைச் சுற்றிலும் சுவரிலும் தாயத்துத் தாள்கள் தொங்கும். பிள்ளையைக் கொல்ல வரும் லிலித் என்ற பெண்பேயை விரட்ட மூன்று தேவதூதர்களின் பெயர்களும் சங்கீத வரிகளும் அவற்றில் எழுதியிருக்கும். எட்டாம் நாளுக்கு முந்தைய இரவு அந்தப் பேய்க்கு மிகவும் பிடித்தது என்று நம்பினார்கள். அதனால் உறவினர்கள் விடிய விடியக் கண்விழித்து, உண்டு, படித்து, பிள்ளையைக் காத்தார்கள். மறுநாள் சடங்கின்போது பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைப் பின்னர் துவைத்து, நான்கு பட்டைகளாகக் கிழித்து, நீளவாக்கில் ஒன்றாகத் தைப்பார்கள். அதில் பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும், தோரா என்ற மறைநூலுக்கும் திருமணத்துக்கும் நற்செயல்களுக்கும் வளர்வாயாக என்ற வாழ்த்தும் நூலாலோ வண்ணத்தாலோ எழுதப்படும். மூன்று வயதளவில் பிள்ளை ஜெப ஆலயத்துக்கு வரும்போது தோராச் சுருளைச் சுற்றிக் கட்டுவது அந்தத் துணியால்தான். ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகளின் பதிவேடு போல இந்தத் துணிகள் ஆலயத்தில் சேர்ந்துகொண்டே போயின.

நான்கு வாரம் கழிந்து தாய் முதல்முறையாக வெளியே வரும் ஓய்வுநாளுக்கு இன்னொரு கொண்டாட்டம் இருந்தது. காலையில் அவள் ஜெப ஆலயத்துக்குப் போவாள். பிற்பகலில் தெருப்பிள்ளைகள் எல்லாம் தொட்டிலைச் சூழ்ந்து அதைத் தூக்கி, “ஹோலே, ஹோலே! பிள்ளைக்கு என்ன பெயர்?” என்று மூன்று முறை கத்துவார்கள். பிள்ளைக்கு ஜெர்மன் வழக்குப் பெயர் அப்போதுதான் கிடைக்கும். கத்தியவர்களுக்குப் பழமும் இனிப்பும் கிடைக்கும். பெண் பிள்ளைக்கும் உண்டு என்பது இதன் தனிச்சிறப்பு. ஜெர்மானியர்களின் நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஹோலே என்ற பெண் தெய்வத்தின் பெயர்தான் இது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதே ஊர்களில் கிறிஸ்தவத் தாயும் சுமார் நாற்பது நாள் கழித்தே தேவாலயத்துக்குப் போய் ஆசி பெற்றாள். இரு வீட்டுப் பெண்களும் ஒருவர் வழக்கத்தை ஒருவர் பார்த்துத்தான் வாழ்ந்தார்கள்.

இந்த அண்டை வாழ்வுக்கு ஒரு கொடிய முகமும் இருந்தது. போப்பின் ஆட்சியிலிருந்த போலோன்யா நகரில், மொர்தாரா என்ற யூதக் குடும்பத்தின் கிறிஸ்தவ வேலைக்காரப் பெண், நோயுற்ற கைக்குழந்தை இறந்துவிடும் என்று பயந்து யாருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். குழந்தை பிழைத்தது. சில ஆண்டுகளுக்குப் பின் செய்தி வெளியே வர, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை யூதர் வளர்க்கக்கூடாது என்ற சட்டப்படி 1858இல் ஆறு வயது எட்கார்தோவைக் காவலர்கள் தூக்கிச் சென்றார்கள். ஐரோப்பா முழுதும் கண்டனம் எழுந்தும் போப் ஒன்பதாம் பயஸ் விட்டுக்கொடுக்கவில்லை. சிறுவன் பாதிரியாராகி 1940இல் பெல்ஜியத்தில் இறந்தார்.

கலப்பு மணத்தை ஒரு சமயப் பிரச்சினையாக யூத ரபிகள் 1844இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் மாநாட்டில் கூடிப் பேசினார்கள். ஓரிறை நம்பிக்கை உள்ளவர்களோடு மணம் தடையில்லை, ஆனால் பிறக்கும் பிள்ளைகளை யூதர்களாக வளர்க்க அந்நாட்டுச் சட்டம் இடம் தர வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அப்படி இடம் தந்த சட்டம் அநேகமாக எங்கும் இல்லை என்பதால் அந்தத் தீர்மானம் தாளில்தான் இருந்தது. என்றாலும் யார் யாரை மணக்கிறார் என்பதிலிருந்து பிள்ளை எப்படி வளர்கிறது என்பதற்குக் கேள்வி அப்போதே நகர்ந்துவிட்டது. அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவின் ரபிகள் 1909இல் கலப்பு மணம் யூத மரபுக்கு முரண் என்று அறிவித்துப் பின்வாங்கினாலும், அந்தக் கேள்வி அவர்களையும் விடவில்லை.

அமெரிக்காவில் எட்டாம் நாளை முதலில் மாற்றியது மருத்துவமனை. பெற்றவள் ஒரு வாரம், பத்து நாள் என்று படுக்கையில் கிடந்த இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விருத்தசேதனச் சடங்கு மருத்துவமனையிலேயே நடந்தது. யூதர் நடத்திய மருத்துவமனைகளில் இதற்கென்று தனி அறைகள் இருந்தன. தங்கும் நாள்கள் குறையக் குறையச் சடங்கு வீட்டுக்கு வந்தது. 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ், சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், அறுவைப் பிரசவத்துக்கு 96 மணி நேரமாவது காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் போட வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. தையல் ஆறாத தாய் எட்டாம் நாளில் வீடு நிறைய விருந்தாளிகளோடு இருக்கும் காட்சி இதன் விளைவு. ஏழாம் நாள் வரை அவள் சொல்லே தீர்ப்பு என்ற தல்மூது இதைக் கண்டால் என்ன சொல்லுமோ. இதற்கிடையில் அமெரிக்க மருத்துவமனைகளில் எல்லா மதத்துப் பையன்களுக்கும் பிறந்த ஓரிரு நாளில் முன்தோலை நீக்குவது வழக்கமாகிவிட்டதால், கலப்பு மண வீடுகளில் சச்சரவு பெரும்பாலும் கத்தியைப் பற்றியதாக இல்லை. சடங்கையும் விருந்தினரையும் பற்றியதாகவே இருந்தது. சீர்திருத்தப் பிரிவு 1984இல் மருத்துவர்களுக்கே இந்தச் சடங்கில் பயிற்சி தரத் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கு ஈடான சடங்குகளைப் பெண்ணியத் தலைமுறை 1970களிலிருந்து உருவாக்கியது. கத்தி இல்லாத அந்தச் சடங்கில் யூதரல்லாத தாத்தா பாட்டியும் தயங்காமல் நின்று வாழ்த்த முடிந்தது.

யூதப் பிறப்பு பற்றிய பெரிய முடிவு 1983 மார்ச்சில் வந்தது. தாயோ தந்தையோ ஒருவர் யூதரானால் பிள்ளை யூதர் என்றே கொள்ளப்படும்; ஆனால் பெயர் சூட்டல், தோராக் கல்வி, பதின்மூன்று வயதுச் சடங்கு போன்ற வெளிப்படையான செயல்களால் அது உறுதிப்பட வேண்டும் என்று சீர்திருத்த ரபிகள் தீர்மானித்தார்கள். இன்னொரு அமெரிக்க யூதப் பிரிவான மறுசீரமைப்புப் பிரிவு இதே திசையில் 1968லேயே போயிருந்தது. 1983 தீர்மானத்தில் தந்தைக்குக் கிடைத்த உரிமையே பெரிதாகப் பேசப்பட்டது; தாய்க்கும் புதுச் சுமை ஏறியதைக் கவனித்தவர்கள் குறைவு. யூதத் தாய்க்குப் பிறந்தாலே போதும் என்றிருந்த பிள்ளையும் இனி வளர்ப்பால் தன்னை நிரூபிக்க வேண்டும். ஆர்த்தடாக்ஸ் பிரிவும் கன்சர்வேட்டிவ் பிரிவும் தாய் வழியிலேயே நின்றன. யூதரல்லாத தாய் பெற்ற பிள்ளையை ஏற்க, பையனானால் விருத்தசேதனத்தோடு, சடங்குக் குளத்தில் முழுக்காட்டலும் அவர்களுக்கு வேண்டும்.

இஸ்ரேலில் இதே கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. கடற்படை அதிகாரி பின்யாமின் ஷாலித்தின் மனைவி ஸ்காட்லாந்தில் பிறந்த, யூதரல்லாத பெண். தன் பிள்ளைகளின் தேசிய இனத்தை யூதர் என்று பதிய வேண்டும் என்ற அவர் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, யூதத் தாய்க்குப் பிறந்தவரும் மதம் மாறியவருமே யூதர் என்றது. கூடவே யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் குடியேறும் உரிமையையும் கொடுத்தது. 1972இல் மூன்றாவது பிள்ளைக்காக ஷாலித் மறுபடி வந்தபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரே வீட்டில் மூத்த இருவர் பதிவேட்டில் யூதர், இளையது அல்ல.

2013இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி, யூதர் இருவர் மணந்த அமெரிக்க வீடுகளில் 96 சதவீதத்தினர் பிள்ளையைச் சமயத்தால் யூதராகவே வளர்த்தார்கள். கலப்பு மண வீடுகளில் அப்படி வளர்த்தவர்கள் 20 சதவீதம். 25 சதவீதத்தினர் பிள்ளை சமயத்தால் பாதி யூதர் என்றார்கள். 37 சதவீதத்தினர் யூதராக வளர்க்கவே செய்யவில்லை. பாதி என்று சொல்லும் வீடுகளுக்குத்தான் நிறுவனங்களோடு உரசல். இன்னொரு மதத்தில் முறையான கல்வி பெறும் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம் என்று சீர்திருத்தப் பிரிவு 1995இல் தன் சமயப் பள்ளிகளுக்கு அறிவுரை சொன்னது. ஆனால் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் இத்தகைய பெற்றோர் சிலர் சேர்ந்து, இரு மதங்களையும் சேர்த்துச் சொல்லித்தரும் தங்கள் சொந்தப் பள்ளிகளை நடத்துகிறார்கள்.