சராசரியும் அதன் எல்லைகளும்

பாமன்கடைக்கு அண்மையில், இன்று அடுக்குமாடிகள் எழுந்து நிற்கும் நிலத்தில், ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது. 1933இல் அதன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றதொன்று. அத்தகைய போராட்டங்கள் அனைத்தின் அடியிலும் ஒரு கேள்வி இருந்தது: உழைப்பவன் குடும்பம் வாழ எவ்வளவு வேண்டும்?

விடை எண்ணாகவே தரப்படுகிறது. அவ்வெண் பிறந்த விதத்தை நாம் அறிதல் வேண்டும்.

1949-50இல் கொழும்பில் 455 தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு ஆராயப்பட்டது. அதனடிப்படையில், 1952ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் உருவாயிற்று. உணவுக்கு அதில் அளிக்கப்பட்ட நிறை நூற்றுக்கு 61.9, வீட்டு வாடகைக்கு 5.7. பல தொழில்களில் வாழ்க்கைச் செலவுப்படி இச்சுட்டெண்ணைத் தொடர்ந்தே ஏறியது. சில நூறு வீடுகளின் கணக்கு, பல்லாயிரம் தொழிலாளரின் கூலியைத் தொட்டது.

சிலரைக் கேட்டுப் பலரைப் பற்றிக் கூறலாமா? இதற்கு விடை தேடியோருள் முக்கியமானவர் யேர்சி நெய்மன். போலந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் அமைப்பை மாதிரி எடுத்து ஆராயும் பணியை ஒட்டி அவருடைய சிந்தனை வளர்ந்தது. 1934இல் இலண்டனில் வாசித்த கட்டுரையில் அவர் 'நம்பிக்கை ஆயிடை' என்னும் கருத்தை முன்வைத்தார். 1937இல் அதை விரிவாக நிறுவினார்.

அதன் செய்முறை எளிது. விளக்கத்துக்காக நாமே சில எண்களைக் கொள்வோம். எழுமாறாகத் தெரிந்த 455 குடும்பங்களின் மாதச் செலவின் சராசரி 200 ரூபா, நியம விலகல் 64 ரூபா என்க. 455இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 21.3. அதனால் 64ஐ வகுத்தால் 3 ரூபா; இதுவே நியம வழு. இதை 1.96ஆற் பெருக்க, ஏறக்குறைய 6 ரூபா. ஆகவே ஆயிடை 194 முதல் 206 வரை. அதன் அகலத்தைப் பாதியாக்க விரும்பினால் நான்கு மடங்கு குடும்பங்களைக் கேட்டாக வேண்டும். பத்தே குடும்பங்கள் எனின் 1.96 போதாது, 2.26 வேண்டும். சிறு மாதிரிகளுக்கான இவ்வழியை 1908இல் காட்டியவர் டப்ளின் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய கொசெற். தம் பெயரில் எழுத நிறுவனம் இடந்தராமையால், 'மாணவன்' என்ற புனைபெயரிலேயே அவர் எழுதினார்.

இவ்வாயிடையின் பொருள் என்ன? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குடும்பங்கள் இவ்வெல்லைக்குள் செலவிடுகின்றன என்பதன்று. உண்மைச் சராசரி இதனுள் இருக்க 95 வீத வாய்ப்புண்டு என்பதுமன்று. உண்மைச் சராசரி அசைவதில்லை, மாதிரிக்கு மாதிரி அசைவது ஆயிடையே. இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுப்போமாயின், நூறு ஆயிடைகளுள் ஏறக்குறைய 95 உண்மையைத் தம்முள் அடக்கும். நம்பிக்கை வைக்கப்படுவது முறையின்மீது. கையிலுள்ள ஓர் எண்ணின்மீதன்று.

இம்முறை அளப்பது தற்செயலால் நேரும் வழுவை மட்டுமே. காலத்தால் நேரும் வழுவை அது அளப்பதில்லை. 2002ஐ அடியாண்டாகக் கொண்ட புதிய சுட்டெண் 2007இல் வரும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அந்த 455 குடும்பங்களின் செலவுப் பாங்கே அளவுகோலாக நின்றது. எத்துணை நுண்ணிய ஆயிடையும் இப்பழமையை வெளிக்காட்டியிராது.

சராசரி திருத்தமாகத் தெரிந்தாலும் அதுவே முழு உண்மையாகாது. 2019இன் வீட்டு வருமான ஆய்வில் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா; இடையமோ 53,333 ரூபா. அதாவது குடும்பங்களிற் பாதி 53,333 ரூபாவுக்கு மேற்படவில்லை. மேல்மட்டத்தின் செல்வமே சராசரியை உயர்த்திற்று.

ஆதலால், கூலிப் பேச்சு மேசையில் ஒரு சராசரி வைக்கப்படும்போது, அதன் எல்லைகள் யாவை, யாரைக் கேட்டுப் பெற்றது, எந்த ஆண்டில் என்று நாம் கேட்கவேண்டும். கணிதம் ஆள்வோரின் தனிச்சொத்தன்று. வகுப்பறையில் இக்கேள்விகளைப் பழகிய மாணவன், நாளை தன் சங்கத்துக்காகவும் அவற்றைக் கேட்பான்.