புண் மருந்தாக வந்த வல்லாரை

‘சிகா’ என்ற பெயரில் விற்கும் முகப்பூச்சுகளின் மூலப்பொருள், நம் வாய்க்கால் கரையில் படரும் வல்லாரைதான். ஆனால் அது தோல் சுருக்கத்துக்கான மருந்தாகத் தொடங்கவில்லை. ஆறாத புண்களோடு போராடியவர்கள் வழியாகவே அந்த முகப்பூச்சு டப்பாவுக்குள் வந்தது. வல்லாரையிலுள்ள ஆசியாட்டிகோசைடு 1941-இல் பிரித்தெடுக்கப்பட்டது. தொழுநோய்க்குச் சல்போன் மருந்துகள் பரவியிராத காலம் அது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மடகாஸ்கரில் தாவரவியலாளர் பியேர் புவாத்தோ அந்தச் சேர்மத்தைத் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்தி ஆராய்ந்தார். அவரும் மலகாசி அறிஞர் ரக்கோதோ ரத்சிமமாங்காவும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை ஆறாத புண்களையும் தோல் காசநோயையும் சேர்த்தே பேசியது. மடகாசோல் என்ற புண் களிம்பு இந்த உழைப்பின் விளைவு. நான் பார்த்த இன்றைய விளம்பரங்கள் எதிலும் அந்தத் தொழுநோயாளிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது.

சித்தர்கள் இதைக் கற்ப மூலிகை என்று முன்பே சொன்னார்களே, பிறகு மடகாஸ்கருக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கற்பம் உள்ளுக்குச் சாப்பிடுவது. நினைவாற்றலும் நீண்ட ஆயுளுமே அதன் முதல் நோக்கம். இலங்கையில் வல்லாரைச் சம்பலாக இன்றும் அது உணவில் இருக்கிறது. முகத்தில் பூசும் கிரீமுக்கு அந்த மரபைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. புண்ணும் சுருக்கமும் தோலின் கொலாஜன் புரதம் சார்ந்தவைதானே என்பது இதைவிட வலுவான வாதம். 1990-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், வளர்ப்புத் தட்டில் இருந்த மனிதத் தோல் செல்கள் வல்லாரைச் சாற்றால் கூடுதல் கொலாஜன் உருவாக்குவதைக் கண்டார்கள். அழகுசாதனத் துறைக்குப் பாலம் போட்டது இத்தகைய ஆய்வுதான். ஆனால் புண்ணில் மேல்தோல் திறந்திருக்கிறது. முகத்தில் அது மூடிய கதவு. சுமார் 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் அதை எளிதில் கடப்பதில்லை. ஆசியாட்டிகோசைடின் எடையோ ஏறத்தாழ 959. புண்ணில் கண்ட பலனை அப்படியே முகத்துக்கு மாற்றி எழுத முடியாது என்பது இதனால்தான். அதற்காக எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், வெயிலால் முதிர்ந்த தோல் கொண்ட 20 பெண்கள் ஆறு மாதம் பூசிய கிரீம் சுருக்கத்தைக் குறைத்தது. அந்த கிரீமில் வல்லாரையின் மடகாசோசைடு 0.1 சதவீதம், வைட்டமின் சி 5 சதவீதம். இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த முடிவிலிருந்து மட்டும் பிரித்துச் சொல்ல வழியில்லை.