பெயர் சொல்லும் கல்: தகடூர் நாட்டு நடுகற்களும் நினைவுத் துணிகளும்

இறந்துபோன ஒருவருக்கென்றே தனியாக ஓர் அடையாளத்தைச் செய்வித்து வைப்பது உலகின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். ஸ்காட்லாந்தில் இதற்குத் துணி பயன்படுகிறது. தருமபுரி மாவட்டத்தில், அதாவது பழைய தகடூர் நாட்டில், கல் பயன்பட்டது. துணிக்கும் கல்லுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் செய்யச் சொன்னவர்களின் கவலை ஒன்றுதான்: பின்னால் வருகிறவர்களுக்கு இது இன்னாருடையது என்று எப்படித் தெரியும்?

ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கட்டம் போட்ட கம்பளித் துணி டார்ட்டன் எனப்படும். பாவில் எந்த வரிசையில் வண்ண இழைகள் வருகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசை ஊடையிலும் வரும். 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, மலைநாட்டு ஆண்கள் இவ்வுடையை அணிவதை 1746இல் பிரித்தானிய அரசு தடை செய்தது. 1782இல் தடை நீங்கியது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்ற எண்ணம் பழமையானதாகச் சொல்லப்பட்டாலும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இன்று தனி மனிதரின் நினைவாகவும் புதிய கட்டம் அமைத்து நெய்யச் சொல்கிறார்கள். அவர் விரும்பிய நிறம், அவர் ஊரின் கடல், அவர் பணியாற்றிய படைப்பிரிவின் வண்ணம் ஆகியவை இழைகளாகின்றன. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009 முதல் அரசுப் பதிவேடு ஒன்று இயங்குகிறது. இழை எண்ணிக்கையும், கட்டத்துக்கான காரணமும் அதில் எழுதப்படுகின்றன. பதிவேடு இல்லையென்றால் அந்தப் போர்வை வேறெந்தக் கட்டம் போட்ட போர்வையையும் போன்றதுதான்.

கட்டத் துணியால் இறந்தவரைச் சிறப்பிக்கும் வழக்கத்தில் தமிழ்நாட்டுத் தறிக்கும் பங்குண்டு. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள், சென்னைப் பக்கமிருந்து கடல் வழியே போன மதராஸ் கட்டத் துணியை 'இஞ்சிரி' என்பார்கள். அதிலுள்ள சில இழைகளை மட்டும் பெண்கள் கத்தியால் வெட்டி உருவி எடுத்து, புதிய கோலத்தை உண்டாக்குவார்கள். முதியவர் இறந்தால் அவரைக் கிடத்தும் கட்டிலும் அறையும் குடும்பத்தின் பழைய துணிகளால் அலங்கரிக்கப்படும். நெய்தவர் ஊரில் அது கைலித் துணி; போய்ச் சேர்ந்த ஊரில் பாட்டனார் சொத்து.

தகடூர் நாட்டில்

போரிலோ ஆநிரை காக்கும் சண்டையிலோ இறந்த வீரனுக்கு நடப்படும் கல் நடுகல். கல்லைத் தேடிக் காண்பது, எடுக்க நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று அதற்குரிய ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் சொல்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே நடுகல் எடுத்ததைப் புறநானூற்றின் 232ஆம் பாடல் காட்டுகிறது. மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இன்று சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை ஏற்பானோ என்று ஔவையார் வருந்துகிறார். ஆநிரை மீட்டு இறந்த வேறொரு வீரனின் பெயர், துணிப் பந்தலின் கீழிருந்த கல்லின் மேல் நின்றது என்று 260ஆம் பாடல் கூறுகிறது. அக்காலத்தில் கல்லுக்குத் துணியும் துணையாக இருந்தது. துணி மட்கிப் போனது, கல் நின்றது.

எழுத்துடன் கூடிய நடுகற்கள் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியிலும், அடுத்துள்ள செங்கம் வட்டாரத்திலும் மிகுதி. பல்லவர் காலத்தவை பெரும்பாலும் வட்டெழுத்தில் உள்ளன. கங்கர், நுளம்பர் காலத்தவையும் உண்டு. முதலில் அரசனின் ஆட்சியாண்டு, பிறகு நாட்டின் பெயர், எந்த ஊரார் 'தொறு' கொண்டார்கள், அதை மீட்டுப் 'பட்டான்' யார் என்று வாசகம் செல்லும். தொறு என்பது மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். சிலவற்றில் கல்லை நட்டவரின் பெயரும் வரும்.

இக்கற்கள் ஓர் அச்சில் வார்த்தவை அல்ல. வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லுமாக நிற்பது பொதுவான அமைப்பு என்றாலும், ஒருவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும், ஒருவன் பின்னால் மாடுகள் நிற்கும், ஒருவன் காலடியில் கெண்டி இருக்கும். அவன் எப்படி இறந்தான் என்பதற்கேற்பச் சிற்பி செதுக்கினான். செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல்லில் வீரன் கருந்தேவகத்தியோடு ஒரு நாயும் நிற்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கோவிவன் என்னும் அந்நாய் இரு கள்வரைக் கடித்துக் காத்ததை எழுதி வைத்திருக்கிறது. ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேல் கடந்து நமக்கு வந்திருக்கிறது. அதே காலத்துப் பெரிய மனிதர் எத்தனையோ பேரின் பெயர் வரவில்லை.

பெயர் போன வழி

வட்டெழுத்து வழக்கொழிந்தபின் ஊராருக்குக் கல்லைப் படிக்க முடியவில்லை. இருந்தும் கல்லைக் கைவிடவில்லை. வில்லும் வாளும் ஏந்திய உருவத்தைக் கண்டு வேடியப்பன் என்று பெயரிட்டு வணங்கினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் கோயில் என்று சொல்லப்படுபவற்றில் பல, நடுகல்லே தெய்வமாக நிற்கும் இடங்கள். தனி ஒருவனுக்கு நட்ட கல் ஊருக்கே பொதுவான சாமியாகிவிட்டது. இதை இழப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. வழிபாடு இல்லாத கற்களே துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போயின. அந்த வகையில் கல்லைக் காப்பாற்றிய வழிபாடுதான், பெயர் மறைவதற்கும் இடம் கொடுத்தது.

பெயர்கள் திரும்பக் கிடைத்தது 1970களில். இரா. நாகசாமி இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் ஊர் ஊராகச் சென்று மசிப்படி எடுத்தனர். 'செங்கம் நடுகற்கள்' 1972இல் நூலாக வந்தது. தருமபுரிக் கல்வெட்டுகளும் தொகுக்கப்பட்டன. ஸ்காட்லாந்துப் பதிவேடு புதிய கட்டங்களுக்குச் செய்வதை இத்தொகுதிகள் பழைய கற்களுக்குச் செய்தன: எந்த ஊர், என்ன வாசகம், யாருடைய கல் என்று எழுதி வைத்தன. கற்கள் பலவற்றைத் தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் காணலாம்.

வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் இன்றும் கற்கள் நிற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் ஏறி எழுத்துப் பள்ளங்கள் அடைபட்டிருக்கும். எனாமல் பூசிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்படி ஒரு கல்லைக் காண்பவர் உளியாலோ கம்பித் தூரிகையாலோ சுரண்டக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. பக்கவாட்டில் வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ படமெடுத்து, ஊர்ப் பெயரையும் இடத்தையும் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தால் போதும். அந்த நேரத்து வெளிச்சத்தில், நண்பகலில் தெரியாத எழுத்துகள் பெரும்பாலும் தெரியும்.