பழைய பிக்கப் வண்டியும் பேசும் வானொலியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய பிக்கப் வண்டிகளைச் செப்பனிட்டுப் புதுக்கி வைத்துக்கொள்வோர் பெருந்தொகையினர். பிக்கப் என்பது முன்னே ஓட்டுபவர் அறையும் பின்னே திறந்த தட்டும் உடைய சிறிய சரக்கு வண்டி. குடியானவனின் வைக்கோலையும் வேலிக் கம்பத்தையும் சுமந்து தேய்ந்த வண்டி அது. அதனை இன்று துலக்கி, வண்ணம் பூசி, கண்காட்சிக்குக் கொண்டு செல்வோரிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. கூரையின் நடுவே, முன்னொரு காலத்தில் ஏரியல் நாட்டுவதற்காக யாரோ இட்ட துளை ஒன்று இருக்கின்றது. அதனைப் பற்றவைத்து மறைத்துவிடுவதா, அன்றி அத்துளையிலேயே மீண்டும் ஏரியலை நிறுத்திக் கீழே அக்காலத்துப் பேசும் வானொலியைப் பொருத்துவதா? தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளிவந்த நாளில் துளை இல்லை. ஆகவே அடைப்பதே முறை என்பர் ஒரு சாரார். துளையிட்டவன் அந்த வண்டியைப் பல்லாண்டு ஓட்டி உழைத்தவன். வண்டியின் வரலாற்றில் அவனுக்கும் பங்குண்டு என்பர் மற்றொரு சாரார். நாம் இரண்டாவது சாராரின் பக்கம் நிற்கின்றோம். அதன் காரணம் விளங்க வேண்டுமானால் அந்தப் பேசும் வானொலியின் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

ஆங்கிலத்தில் அதற்கு ‘சிட்டிசன்ஸ் பாண்ட்’ என்று பெயர், சுருக்கமாக சி.பி. என்பர். பாண்ட் என்றதும் திருமண ஊர்வலத்து வாத்தியக் கோஷ்டி நினைவுக்கு வரலாம். மொழிபெயர்ப்பாளரை மடக்கும் சொற்களில் இதுவும் ஒன்று. இங்கே அதன் பொருள் அலைவரிசைத் தொகுதி. குடிமக்களுக்கென்று ஒதுக்கிவிடப்பட்ட அலைவரிசைத் தொகுதி. நம் வீட்டு வானொலிப் பெட்டி கேட்பதற்கு மட்டுமே உரியது. சி.பி. பெட்டியோ கேட்கவும் பேசவும் வல்லது. இவ்வேற்றுமை சிறிதன்று. நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி கேட்கும் பெட்டியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டியிருந்தது. தபால் நிலையத்தில் கட்டணம் செலுத்திப் புத்தகத்தில் முத்திரை பெற்றுவந்த நாட்களை நேயர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். பேசும் பெட்டி என்பது படைக்கும் போலீசுக்கும் கப்பலுக்கும் உரியதாகவே எங்கும் கருதப்பட்டது. அதனைத் தச்சனுக்கும் குழாய் பழுதுபார்ப்பவனுக்கும் கொடுக்கலாம் என்று ஓர் அரசாங்கம் எண்ணியதுதான் புதுமை.

அவ்வெண்ணம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிறந்தது. அமெரிக்கச் செய்தித் தொடர்பு ஆணையத்தின் உறுப்பினர் ஈ.கே. ஜெட் என்பார், 1945-ஆம் ஆண்டு ஜூலையில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழில், தனிமனிதர் கையடக்கமான வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காலம் வருகின்றது என்று எழுதினார். போர்க்காலத்தில் விமானத்தோடு இரகசியமாகப் பேசும் சிறு கருவியை அமைத்துக் கொடுத்த ஆல் கிராஸ் என்னும் பொறியாளர், அவ்வலைவரிசைக்கென முதன்முதலாகக் கருவி செய்து 1948-இல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்றார். ஆயினும் அப்போது ஒதுக்கப்பட்டிருந்த 460 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலைகளுக்கு நல்ல கருவி செய்வது அருமை. செய்தாலும் விலை மிகுதி. 1958 செப்டம்பரில் ஆணையம் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை அமெச்சூர் வானொலிக்காரர்களிடமிருந்து எடுத்துப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. பிக்கப்புக்குள் பேசும் வானொலி புகுந்தது அதன் பின்னரே. ஆகவே 1958-க்கு முந்தைய தோற்றத்தில் வண்டியை நிறுத்த விரும்புபவர் சி.பி. பெட்டியைத் தொடவேண்டுவதில்லை.

இங்கேதான் ஒரு நுட்பம். 1951-ஆம் ஆண்டில் செய்த பிக்கப் 1951-லேயே நின்றுவிடுவதில்லை. அது 1960-இல் பால் பண்ணையில் உழைத்திருக்கும். 1976-இல் பண்ணையாரின் மகனிடம் சென்றிருக்கும். எந்த ஆண்டில் செய்த வண்டி என்பது ஒரு கேள்வி. எந்த ஆண்டின் வாழ்வை அதில் காட்டப்போகின்றோம் என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 1960-இன் கோலத்தில் நிற்கும் வண்டியில், செந்நிற எண்கள் ஒளிரும் நாற்பது வரிசைப் பெட்டியைக் காண நேர்கின்றது.

பெட்டியின் வயதைக் கண்டுகொள்வது கடினமன்று. 1960-ஐ அடுத்த ஆண்டுகளின் பெட்டிகள் வால்வுப் பெட்டிகள்; சுமக்கக் கனமானவை, தொட்டால் சுடுபவை. ஒவ்வொரு வரிசைக்கும் அனுப்ப ஒன்றும் வாங்க ஒன்றுமாக இரண்டு ஸ்படிகங்கள் வேண்டும். மின்னெசோட்டா மாநிலத்து வசீகா ஊரில் ஈ.எப். ஜான்சன் நிறுவனம் செய்த ‘மெசஞ்சர்’ ஐந்து வரிசைகளோடு வந்து பெரும் பெயர் பெற்றது. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, பெட்டி சிறுத்தது, சட்டம் அனுமதித்த 23 வரிசைகளும் ஒரே குமிழில் அடங்கின. 1977 ஜனவரி முதல் நாளிலிருந்து வரிசைகள் நாற்பதாயின.

வால்வுப் பெட்டியைப் பழைய வண்டியில் பொருத்துபவர் முதலில் பாட்டரியைப் பார்க்க வேண்டும். போர்டு டிரக்குகள் 1955 வரை 6 வோல்ட்டில் ஓடின; அதுவும் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடம்போடு பிணைக்கப்பட்டிருந்தது. 1956-இலிருந்து 12 வோல்ட்டும் எதிர்முனைப் பிணைப்பும் வந்தன. பிற்காலத்து டிரான்சிஸ்டர் பெட்டியை அந்தப் பழைய போர்டில் அப்படியே இணைத்தால் பெட்டி வேலை செய்யாது; முனை மாறினால் எரிந்தும் போகலாம். அக்கால வால்வுப் பெட்டிகளில் வைப்ரேட்டர் என்னும் ஓர் உறுப்பு, பாட்டரியின் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, டிரான்ஸ்பார்மர் வழியே உயர்ந்த அழுத்தமாக மாற்றித் தரும். அது எழுப்பும் முனகல் ஒலியைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதுவே இனிமை. பல்லாண்டு உறங்கிய பெட்டிக்கு ஒரேயடியாக மின்சாரம் கொடுப்பது மட்டும் ஆகாது. அதன் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். அவற்றை மாற்றிவிட்டே உயிரூட்ட வேண்டும்.

அடுத்த தொல்லை எஞ்சின். அதன் ஒவ்வொரு பிளக்கிலும் பாயும் தீப்பொறி ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் போன்றது. கேட்பார் விரும்பினாலும் விரும்பாவிடினும் அதன் நிகழ்ச்சி நிற்பதில்லை. தடையமைந்த பிளக்கும் கம்பியும் போடுவது, டைனமோவில் கண்டென்சர் வைப்பது, பானெட்டையும் புகைபோக்கிக் குழாயையும் பின்னிய செப்புப் பட்டையால் சட்டத்தோடு இணைப்பது என்று அக்கால மெக்கானிக்குகள் கையாண்ட முறைகள் இன்றும் பயன் தருகின்றன. மின்சாரத்தைப் பற்றவைக்கும் சாவியிலிருந்து எடாமல், பியூஸ் வைத்து நேரே பாட்டரியிலிருந்து எடுப்பது நலம்.

இனி ஏரியல். 27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 9 அடி, ஏரியலுக்கு ஏற்ற நீளம். அக்காலத்தில் 102 அங்குல எஃகுச் சாட்டையை அடியில் ஒரு சுருள்வில்லோடு தட்டின் பக்கவாட்டிலோ பம்பரிலோ நாட்டினர். அது மரக்கிளையிலும் கொட்டகைக் கூரையிலும் அடிபடும். ஆதலால் நுனியை முன்னோக்கி வளைத்துக் கூரை ஓரத்துக் கொக்கியில் மாட்டிவைப்பதும் உண்டு. இடையிலே கம்பிச்சுருள் வைத்துக் குறுக்கிய ஏரியலைக் கூரையின் நடுவே நிறுத்துவது மற்றொரு வழி. கூரைத் தகடு முழுவதும் ஏரியலின் மறுபாதியாகப் பயன்படுவதால் எல்லாத் திசையிலும் குரல் ஒப்பச் செல்லும். நாம் தொடக்கத்தில் கூறிய துளை அறியாமையால் இட்டதன்று, இடமறிந்து இட்டது. ஏரியலைப் பொருத்தியபின் அலை திரும்பி வருகின்றதா என்பதை அதற்குரிய மீட்டரால் அளந்து நீளத்தைத் திருத்த வேண்டும். ஏரியலின்றிப் பேசும் பொத்தானை அழுத்தினால் டிரான்சிஸ்டர் பெட்டியின் உயிர்நாடி கருகிவிடும்.

இவ்வளவு பாடும் எதற்காக? முதல் பதினைந்து ஆண்டுகள் சிறு காரியங்களுக்காகவே. வயலிலிருந்து வீட்டுக்கு ஒரு சொல், பழுதான வண்டியிலிருந்து பட்டறைக்கு ஒரு சொல். வெறும் அரட்டைக்குப் பயன்படுத்தலாகாது என்று விதியே இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. டீசல் விலை ஏறிற்று. பல பம்புகளில் கிடைக்கவும் இல்லை. 1974 ஜனவரியில் நாடெங்கும் வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டருக்கு மேல் கூடாதென்று குடியரசுத் தலைவர் நிக்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். மைலுக்கு இவ்வளவென்று கூலி பெறும் லாரிக்காரருக்கு அது வயிற்றில் அடி. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே அவர்கள் சி.பி.யில் ஒருவரையொருவர் அழைத்துப் பென்சில்வேனியா, ஓஹையோ மாநிலங்களின் பெருஞ்சாலைகளில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தனர். பிறகு அதே பெட்டி, எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீசார் ஒளிந்திருக்கின்றனர் என்று சொல்லும் கருவியாயிற்று. நம் நாட்டுச் சாலைகளில் எதிர்வரும் லாரிக்காரர் விளக்கை இமைத்துச் சைகை செய்வதில்லையா? அதுவே அங்கே பேச்சாயிற்று. காட்டுத் தீத் தடுப்பு விளம்பரத்தில் வரும் ‘ஸ்மோக்கி’ என்னும் கரடியின் தொப்பி மாநிலப் போலீசாரின் தொப்பியைப் போன்றது. ஆகையால் போலீசாருக்குக் கரடி என்றே பெயராயிற்று.

சட்டப்படி ஒவ்வொருவரும் லைசென்ஸ் எண்ணைச் சொல்லிப் பேசவேண்டும். பெரும்பாலோர் சொல்லவில்லை, ஆளுக்கொரு புனைபெயர் சூட்டிக்கொண்டனர். குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி போர்டு 1976 தேர்தல் காலத்தில் ‘முதல் அம்மா’ என்னும் பொருள்படும் பெயரோடு பேசினார். ஆணையம் 1975-இல் கட்டணத்தை 20 டாலரிலிருந்து 4 டாலராகக் குறைத்தது. விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்தன. இறுதியில் 1983-இல் தனியாள் லைசென்ஸையே கைவிட்டது. சட்டத்தை மீறியவர்களைப் புகழ்வது எம் நோக்கமன்று. அதிவேகத்தை மறைக்க உதவிய கருவி உயிர்களையும் பலி கொண்டிருக்கக்கூடும். ஆயினும் அதே பெட்டியின் 9-ஆம் வரிசை ஆபத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. பனியில் சிக்கியவருக்குத் தன்னார்வலர் செவி சாய்த்திருந்தனர். நள்ளிரவில் அறுநூறு மைல் தனியே ஓட்டுபவன் 19-ஆம் வரிசையில் தன் ஊர் உச்சரிப்பைக் கேட்டதும் எத்தகைய ஆறுதல் பெற்றிருப்பான் என்பதை, அயல்மாநிலத்து ரயில் நிலையத்தில் திடீரெனத் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

லாரிக்காரன் அப்போது நாட்டின் கதாநாயகன் ஆகிவிட்டான். ‘கான்வாய்’ என்னும் பாட்டு 1976 ஜனவரியில் விற்பனையில் முதலிடம் பெற்றது. பாடியவர் லாரிக்காரரே அல்லர்; ஒமாஹா நகரத்து விளம்பரத் தொழிலாளர். பிக்கப் வண்டிகளின் அணிகலன்கள் மாறியதும் இந்த மோகத்தால்தான். 1950-களின் அணிகள் தேவையால் வந்தவை: கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் தகரத் தாழ்வாரம், அது சாலை விளக்கையும் மறைத்ததால் அவ்விளக்கைப் பிரதிபலித்துக் காட்ட உள்ளே வைக்கும் சிறு பட்டைக் கண்ணாடி, உள்ளிருந்தே திருப்பும் தேடுவிளக்கு. ஹீட்டரும் வானொலியும்கூடத் தனிப்பணம் கொடுத்து வாங்கிய காலம் அது. 1970-களின் அணிகளோ பெரிய லாரியைப் பார்த்துப் போட்டுக்கொண்டவை. இரண்டு மீட்டருக்கு மேல் அகன்ற வண்டிக்கே சட்டம் கேட்ட ஐந்து மஞ்சள் விளக்குகள் ஒல்லியான பிக்கப்பின் கூரையிலும் ஏறின. 1978-இல் டாட்ஜ் நிறுவனம், அறைக்குப் பின்னே இரு குரோமியப் புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கும் சிவப்புப் பிக்கப்பையே விற்றது. லாரியின் இரு பக்கக் கண்ணாடிகளிலும் இரட்டை ஏரியல் நிற்பதைக் கண்டு பிக்கப்பிலும் இரண்டு நட்டனர். இரட்டை ஏரியல் செம்மையாக வேலை செய்ய இடையே சுமார் 9 அடி வேண்டும். பிக்கப்பில் அவ்வகலம் இல்லை. ஆகவே இரண்டாவது ஏரியல் பெரும்பாலும் அழகுக்கே. வரலாற்று நோக்கில் அதுவும் உண்மையான பொருளே. பொருத்துபவர் அதனைப் பயன் என்று எண்ணி ஏமாறாதிருந்தால் சரி.

அக்காலத்துக்கேயுரிய இன்னொரு பொருள், பெட்டியை உருவி எடுத்துச் செல்லும் சறுக்குத் தாங்கி. மோகம் மிகுந்தபோது திருட்டும் மிகுந்தது. உடையவர் இரவில் பெட்டியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். பல பழைய வண்டிகளில் பெட்டி போய்த் தாங்கி மட்டும் எஞ்சியிருக்கின்றது. அதன் திருகுத் துளைகளின் இடைவெளியைக் கொண்டே எத்தகைய பெட்டி அங்கிருந்தது என்று ஊகிக்கலாம். தட்டுப் பெட்டியின் மூலையில், அக்காலத்தார் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட புனைபெயர் அச்சிட்ட அட்டை ஒன்றும் அகப்படலாம். அகப்பட்டால் ஓட்டியவனின் பெயரே கிடைத்துவிடும்.

நம் நாட்டிலும் 2005-இல் இதே 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதி செய்யப்பட்டது. ஆனால் கைப்பேசி அதற்குள் எங்கும் பரவத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் வரிசைகள் நாற்பதான போதும் முதல் 23-உம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆதலால் துளையை அடைக்காமல், ரப்பர் வளையம் வைத்து மழைநீர் இறங்காதபடி அதே துளையில் ஏரியலை நிறுத்தி, 1970-இன் பெட்டியை 19-ஆம் வரிசையில் திருப்பினால், பெருஞ்சாலையில் செல்லும் இன்றைய லாரிக்காரர் சிலமைல் தொலைவிலிருந்து இன்றும் மறுமொழி கூறுகின்றார்.